வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல் துணைவரின் வீட்டில் குடியேறலாமா?

உப்பனாறு:
அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். வரும் தை மாதத்தில் நான் பதிவுத் திருமணம் செய்துகொள்ளவிருக்கும் என் துணைவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். வாடகை 9,000 ரூபாய். அட்வான்ஸ் 45,000 ரூபாய். ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டுமே உள்ளது. அடுத்த மாதமே அங்கே குடியேறி, வாடகையிலும் அட்வான்ஸிலும் பாதியைத் தர நினைக்கிறேன். என் பெயரையும் சேர்க்கச் சொன்னால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது.

கெடிலக்கரை:
சகோதரி, பெயரைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. இருவரும் கையொப்பமிட்டால், ஒருவர் வாடகை தராமல் போகும்போது உரிமையாளர் மற்றவரிடம் முழுத் தொகையையும் கேட்பார். பெயர் இல்லாவிட்டாலும் சட்டம் உங்களைக் கைவிடவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணையும் கணக்கில் கொள்கிறது. இருவரில் ஒருவர் மட்டுமே வாடகைக்கு எடுத்த வீட்டையும் இருவரும் பகிர்ந்து வாழ்ந்த இல்லமாகவே கருதுகிறது.

மஞ்சக்குப்பத்தான்:
நான் வீட்டுக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். என் மாடி வீட்டில் குடியிருந்த தம்பியோடு ஒரு பெண் வந்து தங்கியிருக்கிறார் என்பதே, மாடிப்படிக்கு அடியில் இரண்டாவது ஸ்கூட்டி நின்ற அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பெண் வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான்கு மாதம் என்னிடம் சொல்லாமல் இருந்ததுதான் மனத்தைப் புண்படுத்தியது. பெயரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம், ஆனால் பெட்டியை இறக்குவதற்கு முன்பே உரிமையாளரிடம் இருவருமாகச் சென்று பேசிவிடுங்கள்.

செம்மண்டலம்:
கெடிலக்கரை ஐயா சொன்ன சட்டம் உண்மைதான், ஆனால் அது வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கானது. மனம் ஒத்துப்போகாமல் அமைதியாகப் பிரிகிறவளுக்கு அதில் என்ன வழி இருக்கிறது? சேர்ந்து வாழும் எல்லா உறவுகளும் திருமணத்தை ஒத்தவை ஆகிவிடா என்று இந்திரா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியிருப்பதையும் மறக்கக் கூடாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். அட்வான்ஸில் என் பங்காக 20,000 ரூபாயை, அப்போது என்னோடு வாழ்ந்த துணைவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். பிரிந்த பிறகு என் சம்பளத்தில் வாங்கிய வாஷிங் மெஷினை எடுக்க ஆட்டோவோடு போனபோது, "ஒப்பந்தம் போட்டவர் வந்து சொன்னால்தான் பொருளை வெளியே விடுவேன்" என்று உரிமையாளர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் மீதும் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரிந்த வாடகைதாரர் ஒருவர்தானே. கடலூருக்குப் பொருந்தும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது), வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள் அட்வான்ஸை வாடகைதாரரிடம் திருப்பித் தரச் சொல்கிறது. பத்திரத்தில் பெயர் இல்லாத நான் யாரிடம் போய்க் கேட்பேன்? தங்கையே, தயக்கத்தை விட்டுப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
உங்கள் இழப்பைப் படித்து வருந்தினேன், அம்மா. இருப்பினும் அந்த 20,000 ரூபாய் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருந்தால், பெயர் இல்லாமலே அதற்குச் சான்று இருந்திருக்கும். முழு வாடகைப் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொள்வதைவிட, உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, பணத்தைக் கணக்கில் செலுத்துவதே போதுமானது என்ற கருத்திலிருந்து நான் மாறவில்லை.

செம்மண்டலம்:
பணத்துக்குச் சான்று கிடைக்கும். வாசலில் நிற்க உரிமை கிடைக்காது. மாதம் 9,000 ரூபாய் வாடகையைத் தனியாகக் கட்டும் சம்பளம் உப்பனாறு தங்கைக்கு இருக்குமானால், அந்தப் பொறுப்பை ஏற்பதே நல்லது.

உப்பனாறு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை இருவருமாகச் சென்று உரிமையாளர் அம்மாவைப் பார்த்தோம். அவர் கேட்டதெல்லாம் திருமணத் தேதியையும் என் ஆதார் நகலையும்தான். ஒப்பந்தம் ஐப்பசியில் புதுப்பிக்கப்படும்போது இரண்டு பெயர்களும் இருக்கும். அதுவரை என் பங்கு வாடகையை நேராக அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தச் சொல்லியிருக்கிறார். பெயரைச் சேர்க்கலாம் என்று பேச்சை முதலில் எடுத்தவர் என் துணைவர்தான்.