அடர்த்தியான திரையில் படம் மங்குகிறது, பெரிதாக ஏற்றினால் பக்கம் நகர மாட்டேன் என்கிறது

இறகுப்பிரியன்:
பறவைப் படங்களுக்கென்று ஒரு தளம் வைத்திருக்கிறேன். படம் வரும் இடத்தின் அகலம் 800 பிக்சல்தான் என்பதால் 800-க்குச் சுருக்கியே ஏற்றி வந்தேன், புது மடிக்கணினியில் பார்த்தால் இறகெல்லாம் மங்கிக் கிடக்கிறது. சரி என்று 2400-இல் ஏற்றினேன். பக்கத்துக்குப் பத்துப் படம், மொபைலில் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. எந்த அளவில் நிறுத்துவது?

குறிமுறை:
அந்த 800 சிஎஸ்எஸ் பிக்சல் கணக்கு, அதாவது பக்க வடிவமைப்பில் எழுதும் அளவு, திரையின் உண்மையான புள்ளிகள் அல்ல. உங்கள் திரையின் பிக்சல் விகிதம் 2 என்றால், அதாவது ஒரு சிஎஸ்எஸ் பிக்சல் அகலத்துக்குத் திரையில் இரண்டு புள்ளி இருந்தால், 1600 வேண்டும், உயரமும் இரட்டிப்பதால் மொத்தத்தில் நான்கு மடங்கு பிக்சல். அதற்காக எல்லோருக்கும் ஒரே பெரிய கோப்பை அனுப்பாதீர்கள். 400, 800, 1200, 1600 என்று நாலு அளவு செய்து, படத்தின் எச்டிஎம்எல் டேகில் எஸ்ஆர்சிசெட் (srcset) என்ற பட்டியலில் கொடுத்தால் எது போதும் என்று பிரவுசரே பார்த்துக்கொள்ளும். கூடவே படம் எவ்வளவு அகலத்தில் வரும் என்று சொல்லும் சைசஸ் (sizes) கட்டாயம் எழுதுங்கள், அது இல்லாவிட்டால் படம் திரை முழுக்க வரப்போகிறது என்று நினைத்துப் பெரியதையே இறக்கும்.

வெளிச்சம்:
தரத்தையும் இறக்கலாம். 1600 படத்தை ஜேபெக் தரம் 50 பக்கம் வைத்துப் பாருங்கள். தனியாகப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் 800 இடத்துக்குள் அடர்த்தியான திரையில் பெரும்பாலும் கண்ணில் படாது. ஒரே படத்தைப் பல கோப்பு வடிவங்களில் கொடுக்க உதவும் பிக்சர் (picture) டேகில் முதலில் ஏவிஃப் (AVIF), அடுத்து வெப்பி (WebP), கடைசியில் ஜேபெக் வையுங்கள். ஒன்று மட்டும்: ஏவிஃபை ரொம்ப அழுத்தினால் இறகின் நுணுக்கத்தை வழித்துவிடும், உங்கள் படங்களுக்கு அதுதான் உயிர்.

இறகுப்பிரியன்:
மொபைலில் விகிதம் 3 அல்லவா? 390 அகலத் திரைக்கே 1170 ஆகிறதே.

குறிமுறை:
கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் 2-க்கும் 3-க்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. சைசஸில் நிபந்தனை எழுதலாம், விகிதம் 3 உள்ள திரைக்கு மட்டும் அகலத்தை மூன்றில் இரண்டு பங்காகச் சொன்னால் 800 கோப்பே போதும் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடுங்கள், முதல் படத்துக்குப் போடவே போடாதீர்கள், அது இன்னும் தாமதமாகத்தான் வரும். அகல உயரத்தையும் டேகிலேயே எழுதிவிட்டால் படம் வரும்போது எழுத்து குதிக்காது.

இறகுப்பிரியன்:
ஒரு பக்கத்தில் செய்து பார்த்தேன், மொபைலில் உடனே திறக்கிறது, மிக்க நன்றி! ஆந்தையின் நெஞ்சு மட்டும் ஏவிஃபில் மெழுகு மாதிரி ஆகிவிட்டது, அந்த ஒரு படத்துக்குத் தரத்தைக் கூட்டிவிட்டேன்.