மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) விடாமலே எடை குறைக்கலாம்

தக்கலை உறுப்பினர்:

எடை குறைப்பது என்றதும் எனக்கு என் மயினியின் (மதினியின்) ஞாபகம்தான் வருகிறது. மகள் கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும் என்று, யாரோ விற்ற பொடியைக் காலையிலும் இரவிலும் கலக்கிக் குடித்தார். மதியம் வெள்ளரிக்காயும் மோரும். முதல் வாரமே எடை மளமளவென்று இறங்க, வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் முதல் வாரத்தில் போவது பெரும்பாலும் தண்ணீர்தான். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் இருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும், சாப்பிட ஆரம்பித்தால் இரண்டும் திரும்பி வரும்.

கல்யாணத்தன்று மயினி மெலிந்துதான் இருந்தார். அப்புறம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. ஒருநாள் ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகு வரை போனது. ஸ்கேனில் பித்தப்பைக் கல். கொழுப்பு வேகமாகக் கரையும்போது ஈரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகம் விடுமாம். சாப்பாடு குறைந்தால் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாவதும் இல்லை என்றார் டாக்டர். பொடி விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

எனக்கும் எடை குறைக்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ போதும் என்றார் நான் பார்த்த உணவு ஆலோசகர். புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. சோறும் மீன்கறியும் போட்டுக்கொண்டு, மரச்சீனியையும் கூட்டு மாதிரி பக்கத்தில் வைப்போமே, அப்படி இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார். மரச்சீனியும் மாவுச்சத்துதான், சோற்றை விடக் கலோரி குறைவில்லை. மரச்சீனி அவிக்கிற அன்று சோறு கிடையாது, அவ்வளவுதான். மற்ற நாளில் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரைத் துவரன். பொரித்த மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கிய எடை திரும்ப ஏறவில்லை.

சாளை (மத்தி) மீனைப் பொரிக்காமல், பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுகிற மாதிரி வேறு பக்குவம் தெரிந்தால் சொல்லுங்கள்.

குளச்சல் உறுப்பினர்:

நெத்திலி அவியல் வைத்துப் பாருங்கள் அக்கா. மாங்காய் நறுக்கிப் போட்டு, தேங்காயும் பச்சை மிளகாயும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்தால் போதும், எண்ணெய் அதிகம் வேண்டாம். தேங்காயில் மட்டும் கொஞ்சம் கையை இறுக்கிப் பிடியுங்கள். சாளையையும் இப்படியே வைக்கலாம்.

சுகர் உள்ளவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் மாமனார் யாரோ சொன்னதைக் கேட்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார், மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மெஷினில் பார்த்தால் சுகர் 70-க்கும் கீழே. நல்லவேளை, விழுங்க முடிந்தது, சீனித் தண்ணீர் கொடுத்தோம். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகள் நாம் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மாத்திரையை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். மாமனாருக்கு இப்போது மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் கடற்கரையில் நடக்கிறார், இரவில் கஞ்சியும் பயறும்.