பாஸ்தா சூப் கூழாகிவிடுகிறது, ராஜ்மா வேகவில்லை, பால் திரிகிறது. வழி சொல்லுங்கள்

பாமணி (மன்னார்குடி):

எல்லோருக்கும் வணக்கம். வார நாட்களில் ராத்திரிக்கு டிபன், சட்னி, சாம்பார் என்று தனித்தனியாக நிற்க முடியவில்லை. ஒரே பாத்திரத்தில் வயிறு நிறைகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று பாஸ்தா சூப் பக்கம் வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாஸ்தா என்றால் உயிர். பொரியலாக வைத்தால் ஒதுக்குகிற கேரட்டும் பீன்ஸும் சூப்பில் போனால் சத்தமில்லாமல் இறங்கிவிடுகின்றன. மாமியாருக்குப் பல் தகராறு, மெத்தென்று இருந்தால் அவரும் சாப்பிடுவார்.

நான் செய்கிற முறை இது. குக்கரில் வெங்காயம், பூண்டு வதக்கி, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, நான்கு தக்காளி, இரண்டு மணி நேரம் ஊறிய சிவப்பு ராஜ்மா ஒரு கைப்பிடி, எல்லாம் போட்டு நாலு விசில். திறந்ததும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்தவுடன் கால் கிலோ பாஸ்தா. கடைசியில் ஒரு டம்ளர் பால், மிளகுத்தூள்.

ஏழரை மணிக்குப் பிள்ளைகள் சாப்பிடும்போது பரவாயில்லாமல் இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கும்பகோணத்தில் வேலை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஒன்பது மணிக்கு வந்து மூடியைத் திறந்தால் சூப் இல்லை, கூழ்தான் இருக்கிறது. கரண்டியை நட்டால் நிற்கும். வெந்நீர் ஊற்றிக் கிளறினால் பாஸ்தா கரைந்து, உப்பும் போய்விடுகிறது.

அப்புறம் ராஜ்மா. மேலே வெந்த மாதிரி தெரிகிறது, கடித்தால் நறுக்கென்கிறது. பால் ஊற்றினால் சில நாள் பொடிப்பொடியாகத் திரிகிறது. ருசியிலும் ஏதோ குறை. பாக்கெட் சூப் பொடி போடாமல் சரிசெய்ய முடியுமா?

அரசலாறு (கும்பகோணம்):

தங்கச்சி, கல்யாணச் சமையலில் இருக்கிறவன் சொல்கிறேன், உங்கள் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 100 கிராம் காய்ந்த பாஸ்தா வெந்தால் 200 கிராமுக்கு மேல் நிற்கும். கூடுகிற எடை எல்லாம் அது குடித்த தண்ணீர். வெந்ததோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யாது, சூடான சூப்பில் கிடக்கிற வரைக்கும் குடித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு மாவையும் வெளியே விடும். கால் கிலோவுக்கு ஒரு லிட்டர் என்றால் ஒன்பது மணிக்குக் கூழ் வராமல் வேறு என்ன வரும்? ஐந்து பேருக்கு 100 முதல் 125 கிராம் பாஸ்தா, காய்கறி வெந்த தண்ணீரையும் சேர்த்து ஒன்றரை லிட்டர். சூப்புக்கு அதுதான் அளவு.

இரண்டாவது, உங்கள் வீட்டு நேரத்துக்குப் பாஸ்தாவைச் சூப்போடு வேகவைப்பது ஒத்துவராது. சூப்பைத் தனியாக வைத்துவிடுங்கள், அது எத்தனை மணிக்கும் காத்திருக்கும். பாஸ்தாவை வேறு பாத்திரத்தில் நிறைய தண்ணீர், உப்பு போட்டு வேகவையுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். பருமனாகத் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும், நூல் மாதிரி மெலிந்திருந்தால் உடனே வடித்துவிட வேண்டும். அரை ஸ்பூன் எண்ணெய் விட்டுப் புரட்டித் தாம்பாளத்தில் பரப்பி வையுங்கள். குவித்து வைத்தால் அந்தச் சூட்டிலேயே குழையும்.

பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் பாஸ்தாவைப் போட்டு மேலே கொதிக்கிற சூப்பை ஊற்றுங்கள். மிச்சம் தாம்பாளத்திலேயே இருக்கட்டும். நீடாமங்கலம் கேட்டைத் தாண்டியதும் அவரை ஒரு போன் போடச் சொல்லுங்கள். வந்து கை கால் கழுவுகிற நேரத்தில் சூப்பைச் சூடு பண்ணினால் போதும்.

பாஸ்தா வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மாவு கலந்த தண்ணீர் அது. ஒரு டம்ளர் சூப்பில் விட்டால் பால் இல்லாமலே கொழகொழப்பு வரும். உப்பு போட்டு வேகவைத்த தண்ணீர் என்பதால் சூப்பில் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

என்ன பாஸ்தா வாங்குகிறீர்கள்? பின்பக்கம் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா, மைதாவா?

பாமணி:

அண்ணா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மைதா என்றுதான் இருக்கிறது. தெருமுனைக் கடையில் உதிரியாக அளந்து கொடுப்பதும் இந்த ரகம்தானா?

அரசலாறு:

உதிரியில் எது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். வெந்த தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்து நின்றால் பெரும்பாலும் மைதா. டியூரம் கடினமான கோதுமை, புரதம் அதிகம். அந்தப் புரதம் வலை மாதிரி மாவைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சட்டென்று குழையாது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் 100 கிராம்தானே போடப் போகிறீர்கள். வளைந்த மக்ரோனி, சிப்பி மாதிரி சின்ன வடிவமாக வாங்குங்கள். கரண்டியில் காயோடு சேர்ந்து வர வேண்டும்.

வீரசோழன் (மயிலாடுதுறை):

இவ்வளவு பாத்திரம் யார் கழுவுவது? அறையில் நான் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு ஒரு விசில், முடிந்தது கதை.

அரசலாறு:

தம்பி, இறக்கியவுடன் நீங்கள் ஒருவரே சாப்பிடுகிறீர்கள், அதனால் நடக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம் தாங்க வேண்டும். இன்னொன்று, பாஸ்தா நுரைத்துப் பொங்கும். அந்த நுரை வெயிட் போடுகிற துவாரத்தில் ஏறினால் அடைத்துக்கொள்ளும். குக்கரில்தான் செய்வேன் என்றால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம் பக்கம்):

பாமணி, ராஜ்மாவுக்கு நான் சொல்கிறேன். சாம்பாருக்குப் புளித் தண்ணீரைப் பருப்பு வெந்த பிறகுதானே விடுகிறோம்? முதலிலேயே விட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும். தக்காளிப் புளிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. நான்கு தக்காளியோடு சேர்த்து ராஜ்மாவைப் போட்டால் அது எப்படி வேகும்? இரண்டு மணி நேர ஊறலும் பத்தாது. காலையில் பிள்ளைகளைக் கிளப்பும்போதே ஊறப் போட்டுவிடுங்கள். சாயங்காலம் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தனியாகக் குக்கரில் வைத்து, விரலால் நசுக்கினால் மாவாகிற வரை வேகவிட்டு, அப்புறம் சூப்பில் சேருங்கள்.

சிவப்பு ராஜ்மா அரைவேக்காடாக இருப்பது பல்லுக்கு மட்டும் தொந்தரவில்லை. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. தளதளவென்று பத்து நிமிடமாவது கொதித்தால்தான் அடங்கும். சரியாக வேகாததைச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நறுக்கென்று இருந்தால் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் கொடுக்கவே கொடுக்காதீர்கள், திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள்.

இத்தனையும் செய்து வேகவில்லை என்றால் பழைய சரக்காக இருக்கும். இல்லையென்றால் போர் தண்ணீர். உப்புக் கடுத்த தண்ணீரில் துவரம்பருப்பே வேகாமல் உயிரை வாங்குகிறதே. குடிக்கிற தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் வார நாளில் ராஜ்மாவே வேண்டாம். தட்டைப்பயறு போடுங்கள். ஒரு மணி நேரம் ஊறினாலே குக்கரில் சமர்த்தாக வெந்துவிடும். தை மாதத்தில் பச்சை மொச்சை கிடைக்கும்போது ஊறவைக்கிற வேலையும் இல்லை. வெந்த பயறில் பாதியை மத்தால் மசித்துச் சூப்பில் விட்டால் நன்றாகக் கெட்டிப்படும். பால் எதற்கு?

உப்பை மட்டும் பயறு வெந்த பிறகு போடுங்கள்.

அரசலாறு:

அக்கா சொன்னதெல்லாம் சரி. உப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு அனுபவம். ஊறவைக்கிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் தோல் நன்றாக இளகுகிறது. மொச்சை, கொண்டைக்கடலைக்கெல்லாம் நாங்கள் அப்படித்தான். வேகாமல் தடுப்பது புளிப்புதான், உப்பு இல்லை.

குடமுருட்டி:

எங்கள் அம்மா காலத்திலிருந்து கடைசியில்தான் உப்பு. நீங்கள் சொல்கிற மாதிரியும் ஒரு தடவை செய்து பார்க்கிறேன், ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன்.

கொள்ளிடக்கரை:

ராத்திரிக்கு ஒரு ரசம் வைத்து அப்பளம் சுட்டால் தீர்ந்தது. நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கோதுமைக் குழாயை ஊதி ஊதிச் சாப்பிட வேண்டுமா?

பாமணி:

ஐயா, ரசம் மத்தியானமே வைத்தாகிவிட்டது. ராத்திரியும் அதையே வைத்தால் என் பிள்ளைகள் உங்கள் வீட்டுக்குத்தான் வந்து நிற்பார்கள்.

கொள்ளிடக்கரை:

வரட்டும், அப்பளம் நிறைய இருக்கிறது. சரி, குறை சொன்னவன் ஒரு வழியும் சொல்ல வேண்டும். உங்கள் சூப்பில் ருசி இல்லாததற்குக் காரணம், வெறும் தண்ணீரில் காய் வேகிறது. கும்பகோணம் கடப்பா வைக்கத் தெரியும்தானே? பாசிப்பருப்பை மலர வேகவைத்து, உருளைக்கிழங்கு, சோம்பு, பட்டை, தேங்காய் அரைத்து விட்டு இட்லிக்கு வைக்கிறோமே, அதுதான். தேங்காயை விட்டுவிட்டு அந்த அடித்தளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சூப்பில் ஊற்றுங்கள். வெங்காயம் வதக்கும்போது கால் ஸ்பூன் சோம்பு. பாக்கெட் பொடி பக்கமே போக மாட்டீர்கள்.

அரசலாறு:

ஐயா சொன்னது முதல் தரம். அதோடு, தக்காளியைக் காயோடு வேகப் போடாமல், வெங்காயம் பொன்னிறமானதும் போட்டு, சுருண்டு எண்ணெய் பிரிகிற வரை வதக்குங்கள். பச்சை வாசனை போய் இனிப்பு ஏறும். ருசியில் பாதி அங்கேயே வந்துவிடும். பயறு தனியாக வெந்து வருவதால் புளிப்பு அதைத் தொடாது.

இத்தாலியில் பார்மேசான் சீஸின் காய்ந்த ஓரத்தை இந்த மாதிரிச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள், நல்ல ஆழம் கொடுக்கும். நம் பக்கம் அது கிடைப்பதும் அரிது, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறையைச் சேர்த்துச் செய்கிற சீஸ் என்பதால் சைவ வீடுகளில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். இறக்குகிறபோது ஒரு ஸ்பூன் வெண்ணெய் போடுங்கள், போதும். அவர்கள் பாசில் இலை கிள்ளிப் போடுவார்கள். அது நம் திருநீற்றுப்பச்சிலைதான். கொல்லையில் இருந்தால் நாலு இலை, அடுப்பை அணைத்த பிறகு. ருசிக்கு அது போதும், கூடினால் கஷாயம் மாதிரி ஆகிவிடும்.

பால் கட்டாயம் வேண்டுமென்றால், தக்காளியும் கொதியும் சேர்ந்துதான் அதைத் திரிய வைக்கின்றன என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் சோளமாவு கரைத்து, அடுப்பை நன்றாகத் தணித்து, கடைசியில் ஊற்றி, இளஞ்சூட்டிலேயே கிளறி கெட்டிப்பட்டதும் இறக்கிவிடுங்கள். திரும்பக் கொதிக்கவிடக் கூடாது. அதனால்தான் ஒன்பது மணிக்கு மறுபடி சூடு பண்ண வேண்டிய வீட்டுக்குப் பால் வேண்டாம் என்கிறேன்.

வெட்டாறு (நாகூர்):

அசைவம் உண்டென்றால் ஒன்று சொல்லவா? இறால் உரித்த தலையையும் ஓட்டையும் தூக்கிப் போடாமல், இரண்டு பல் பூண்டோடு எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில் தக்காளி சூப் வைத்து, இறாலை மட்டும் கடைசி மூன்று நிமிடம் போட்டால் எங்கள் வீட்டில் பாத்திரத்தை வழித்துவிடுவார்கள்.

பாமணி:

அண்ணா, புரட்டாசி முடியட்டும், கட்டாயம் செய்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. நேற்று தட்டைப்பயறு, பாசிப்பருப்பு, டியூரம் பாஸ்தா எல்லாம் சேர்த்துச் செய்தேன். தக்காளி சுருளுகிற வாசனைக்கே பெரியவன் சமையலறைக்கு வந்துவிட்டான். நேற்றும் கேட் போட்டிருந்தார்கள். ஆனால் அவர் வந்த பிறகு கிண்ணத்தில் ஊற்றியபோது சூப் சூப்பாகவே இருந்தது. மாமியாருக்கு மட்டும் பாஸ்தாவை இன்னும் நாலு நிமிடம் கூடுதலாக வேகவைத்தேன், அவர் கேட்ட பதம் அதுதான்.

இன்னும் ஒரு சந்தேகம். கொஞ்சம் மிஞ்சியது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பலாமா? நம் ஊர் வெயிலில் பயமாக இருக்கிறது.

குடமுருட்டி:

அனுப்பலாம், ஆனால் ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே கிடந்ததை அனுப்பாதீர்கள். வெந்த சோறு மாதிரிதான் வெந்த பாஸ்தாவும், வெளியில் கிடந்தால் கெடும். சில கிருமிகள் விடுகிற நச்சு காலையில் கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டு முடித்ததும் அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு, சூப்பையும் பாஸ்தாவையும் தனித்தனி டப்பாவில் போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

காலையில் சூப்பை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்து, பிளாஸ்கை வெந்நீரால் அலசிவிட்டு ஊற்றுங்கள். பாஸ்தாவையும் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்து, வதக்கிய காய் கொஞ்சம் சேர்த்துப் புரட்டித் தனி டப்பாவில் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாக ஊற்றி அனுப்பினால் மத்தியான மணி அடிப்பதற்குள் மறுபடி கூழ்தான். சின்னவனுக்குப் பிளாஸ்க் மூடி திறக்க வருமா என்று மட்டும் வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.