உச்சி வெயிலில் நாய்களைக் கட்டிப் போடுவதா, விட்டுவிடுவதா?

கிணற்றுமேடு:
தோட்டத்தில் எங்களுக்கு ஐந்து நாய்கள். நேற்று அடித்த வெயிலில் பதினொரு மணிக்கே ஒவ்வொன்றும் ஒரு மூலையில் முடங்கிவிட்டது. கருப்பன் தொட்டிக்கு அடியில் ஈர மண்ணைப் பறித்து, அந்தக் குழியில் வயிற்றைப் பதித்துப் படுத்துக்கொண்டது. செவலையும் அதன் குட்டியும் மோட்டார் ரூமுக்குப் பின்னால். கிழவன் படிக்கட்டுக்கு அடியில். ஐந்தாவது குட்டையன், ஒன்றரை வயது, இருப்புக் கொள்ளாத பயல். ஒரு மணிவாக்கில் வரப்பில் முயல் ஓடியதைப் பார்த்து அது குரைக்க, கிழவனைத் தவிர எல்லாம் பின்னாலேயே பாய்ந்தன. கால் மணி நேரத்தில் மூன்று திரும்பின. குட்டையன் வரவில்லை. தேடிப் போனால் காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கிறது. நாக்கு நுனி கரண்டி மாதிரி அகன்று தொங்குகிறது, எச்சில் பசையாக இழுக்கிறது. தூக்கி வந்து தொட்டித் தண்ணீரை ஊற்றினோம். அரை மணியில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

இனி பதினொன்று முதல் நான்கு வரை ஐந்தையும் கட்டிவிடலாம் என்கிறேன். வீட்டில் சண்டை. நீங்கள் சொல்லுங்கள்.

வரப்போரம்:
கட்டாதீர்கள் அண்ணே. பத்து மணிக்கு மரத்துக்கு மேற்கே நல்ல நிழல் பார்த்துக் கட்டுவீர்கள். மூன்று மணிக்கு நிழல் கிழக்கே போயிருக்கும், நாய் போக முடியாது. நிழலைத் துரத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலி இரண்டு முழமாகக் குறுகிவிடும். அந்தச் சுற்றலில் தண்ணீர்ச் சட்டியும் கவிழ்ந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் போனது. கட்டியது நான்தான். அவிழ்த்து விட்ட நாய் ஒரு நாளில் நாலு இடம் மாறிப் படுக்கும். உங்கள் கருப்பனுக்குக் குழி பறிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பட்டிக்காரன்:
படுக்கத் தெரியும், சரி. ஓட்டத்தை நிறுத்தத் தெரியுமா? ஆட்டுப் பட்டியில் நாய் வைத்திருக்கிறேன். ஒரு ஆடு விலகினால் போதும், நாக்கு தரையைத் தொட்டாலும் நிற்காது. பிரிட்டனில் 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. வெப்பம் தாக்கி மருத்துவரிடம் வந்த நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, ஓடியாடியதால் பாதிக்கப்பட்டவை. எல்லோரும் பயப்படுகிற மூடிய கார், நூறில் ஐந்துதான். கட்டியிருந்தால் குட்டையன் நேற்று விழுந்திருக்காது.

வரப்போரம்:
அது வாக்கிங் கூட்டிப்போகிற நாய்களின் கணக்கு. வெயிலில் இழுத்துக்கொண்டு போனதும் பந்தை எறிந்ததும் மனுஷன். அதை வைத்துத் தோட்டத்து நாயைக் கட்டுவது என்ன நியாயம்?

பட்டிக்காரன்:
நேற்று முயலை எந்த மனுஷன் எறிந்தான்?

ஈரச்சாக்கு:
இரண்டு பேரும் சண்டையை விடுங்கள். ஐந்தையும் ஒரு அறையில் அடைத்து, ஜன்னலில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டால் முடிந்தது. முடியையும் ஒட்டக் கத்தரித்துவிடுங்கள். ஆனால் நீங்கள் தண்ணீர் ஊற்றியதுதான் தப்பு. சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நரம்பு சுருங்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

பழைய கம்பவுண்டர்:
கால்நடை மருத்துவமனையில் பல வருடம் இருந்தவன். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். மூச்சிரைத்து, வாயிலும் நாக்கிலும் இருக்கும் ஈரம் ஆவியாகித்தான் உடம்பு குளிர வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது நடக்காது. காற்றோட்டம் இல்லாத அறையில் ஐந்து நாய் இரைக்க, ஜன்னலில் சாக்கும் நனைந்து தொங்கினால் அது இட்டிலிப் பானை. தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம்.

முடி விஷயம்: இரண்டடுக்கு முடி உள்ள நாயை மழிக்காதீர்கள். அதுதான் அதற்கு வெயில் மறைப்பு. சீவி, உதிர்ந்த உள்முடியை எடுத்தால் போதும்.

தண்ணீர் ஊற்றியது சரி. நாயின் இயல்பான சூடு 38-லிருந்து 39 டிகிரி சொச்சம் செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ஐஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல், நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரையும் உடனே ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்வித்து, அப்புறம் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் இப்போதைய முறை. ஈரத் துணியை மேலே போர்த்தாதீர்கள், சிறிது நேரத்தில் அதுவே சூடாகி உள்ளே இருப்பதை அடைத்துவிடும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கிணற்றுமேடு, ஒரு கேள்வி. டாக்டரிடம் காட்டினீர்களா? எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று விடாதீர்கள். சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறையாமல் போவதும் ஓரிரு நாள் கழித்துக்கூடத் தெரியவரும்.

கிணற்றுமேடு:
காட்டவில்லை. இப்போதே கிளம்புகிறேன்.

பட்டிக்காரன்:
போய் வாருங்கள். இன்னொன்று, கிழவன் ஓடவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அது குரைப்பது கரகரக்கிறதா பாருங்கள். வயதான பெரிய நாய்களுக்குக் குரல்வளை தளர்ந்து மூச்சு விடுவதே பாடு. படுத்த இடத்திலேயே வெப்பம் தாக்கிவிடும்.

வரப்போரம்:
இதை ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர்ச் சட்டியையும் பாருங்கள். ஐந்துக்கும் ஒரே சட்டி என்றால் அதை ஒன்று காவல் காக்கும், கிழவன் பக்கத்தில் போகாது. ஐந்து இடத்தில் வையுங்கள். கட்டுவதைப் பற்றிய என் பேச்சில் மாற்றமில்லை.

கிணற்றுமேடு:
(மறுநாள்) டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார். நாளை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மூத்திரம் கறுத்துப் போகிறதா பார்க்கச் சொன்னார், இதுவரை இல்லை. கிழவனின் குரல் கரகரக்கத்தான் செய்கிறது. நாங்கள் வயசுக் கோளாறு என்று இருந்துவிட்டோம். நாளை அதையும் கூட்டிப்போகிறேன்.

இன்று குட்டையனை மட்டும் கட்டினேன், மோட்டார் ரூம் வாசலில். நாள் முழுக்க நிழல், இரண்டு பக்கமும் காற்று. டாக்டர் எப்படியும் ஓடவிடக் கூடாது என்றுதான் சொன்னார். ஒரு மணிக்கு வரப்பில் ஏதோ சலசலத்தது. கருப்பன் குழியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. குரைத்துக் கிளப்பிவிட ஆள் இல்லை போல, திரும்பப் படுத்துவிட்டது.

பட்டிக்காரன்:
பார்த்தீர்களா, கட்டியதால்தான்.

வரப்போரம்:
ஒன்றைத்தான் கட்டினார், நாலை விட்டிருக்கிறார், அதையும் பாருங்கள். கிணற்றுமேடு அண்ணே, சங்கிலியில் சுழல் கொக்கி இருக்கிறதா?

கிணற்றுமேடு:
இல்லை. இதை எழுதும்போதே போய்ப் பார்த்தேன், இரண்டு முறுக்கு விழுந்திருக்கிறது. மாற்றிவிடுகிறேன்.