கீசரைப் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது: மெக்கானிக் வருவதற்குள் எதைப் பார்க்கலாம்?

கேள்வி (பாலக்கோடு)

வணக்கம். எங்கள் குளியலறையில் 15 லிட்டர் கொள்ளளவும் 2000 வாட் திறனும் கொண்ட கீசர் இருக்கிறது. போர் தண்ணீர்தான் அதற்குப் போகிறது. கார்த்திகை பிறந்ததிலிருந்தே தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை, உள்ளே கொரகொரவென்று சத்தமும் கேட்டது. இப்போது சுவிட்சைப் போட்டவுடன் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. கீசரில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்விலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாராம். அதுவரை ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வயதான அம்மா இருப்பதால் கேட்கிறேன்: நானே பாதுகாப்பாகப் பார்க்கக்கூடியவை எவை?

பதில் (தருமபுரி, வயரிங் வேலை செய்பவர்)

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், அதாவது எங்கோ கசிவு இருந்தால், ஆர்சிசிபி விழும். வீடுகளில் வழக்கமாக இருப்பது 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. அதைத் தவிர்த்துவிட்டு, எர்த்தும் சரியில்லை என்றால், அந்தக் கசிவு கீசரின் உடம்புக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வந்து நிற்கும். அம்மாவுக்கு அதுவரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, உலர்ந்த கையோடு கீசரின் பிளக்கைக் கழற்றி, அது கருகியோ உருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் வெளியே இருக்கும்போதே மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். ஆர்சிசிபி விழாமல் நின்றால் கோளாறு கீசரிலோ அதன் வயரிலோதான் இருக்கிறது. கீசரின் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம்.

கேட்டவர்

பிளக்கில் கருகல் இல்லை. அதைக் கழற்றிய பிறகு எல்லாம் ஓடுகின்றன. ஆனால் காலையில், பிளக் மாட்டியிருந்து சுவிட்ச் நிறுத்தியிருந்தபோதும், கிரைண்டரைப் போட்டவுடன் விழுந்தது. அது எப்படி?

பதில் (தருமபுரி, வயரிங் வேலை செய்பவர்)

அந்தச் சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். எலிமென்ட்டின், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியின், உறை வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால், கிரைண்டரின் நியூட்ரல் மின்னோட்டத்தில் ஒரு பங்கு கீசர் வழியாக எர்த்துக்குப் போகும், ஆர்சிசிபி விழும். பெரும்பாலும் எலிமென்ட்தான் போயிருக்கிறது. ஆகவே சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காமல் பிளக்கை வெளியிலேயே வைத்திருங்கள்.

பதில் (ஓசூர்)

எங்கள் ஊர்க் குளிரில் கீசருக்கு ஓய்வே கிடையாது என்பதால் இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. 2000 வாட்டில் 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறச் சுமார் 18 நிமிடம் போதும். எலிமென்ட்டின் மேல் உப்பு கனமாகப் படிந்தால் சூடு தண்ணீருக்குள் எளிதில் இறங்காது. எலிமென்ட் தானே காய்ந்து வெடிக்கும். நீங்கள் கேட்ட சத்தமும் அந்தப் படிவுக்குள் சிக்கிய தண்ணீர் கொதிக்கும் சத்தமாகவே இருக்கும். வால்வைப் பொறுத்தவரை, சூடேறும்போது தண்ணீர் விரிவதால் சில சொட்டுகள் விழுவது இயல்பு. ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால் வால்வில் உப்பு அடைத்திருக்கலாம். எந்த நிலையிலும் அதை அடைத்துவிடக் கூடாது. அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தொட்டியே வெடிக்கும்.

கேட்டவர்

நம் மாவட்டத்துத் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் இப்படிப் படிகிறதா? ஒகேனக்கல் தண்ணீரை விட்டால் சரியாகுமா?

பதில் (காவேரிப்பட்டினம்)

படிவது ஃபுளோரைடு அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் பிரிந்து, கால்சியம் கார்பனேட்டாக வெள்ளையாய் ஒட்டிக்கொள்கிறது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது, காய்ச்சினாலும் போகாது. அதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிக்க வரும் தண்ணீரைக் குளிக்கத் திருப்பிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எலிமென்ட்டை மாற்றும்போது கேஸ்கெட்டையும் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையம்), தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பியையும் சேர்த்து மாற்றச் சொல்லி, தொட்டியின் அடியில் தங்கிய படிவையும் கழுவச் சொல்லுங்கள். மெக்கானிக் கிளம்பும் முன், அந்த பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று உங்கள் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லுங்கள்.