ஃப்ளூ ஊசி போடாவிட்டால் கேட்டுக்குள் விடமாட்டோம் என்கிறது கம்பெனி. அப்படிச் சொல்லலாமா?

திமிரிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், சோற்றில் மண் விழும்.

போன வாரம் டைம் ஆபீஸ் போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மாதக் கடைசிக்குள் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். போட்ட சீட்டைக் காட்டாதவர்களை கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: செலவில் பாதியைக் கம்பெனி ஏற்கும், மீதி இரண்டு தவணையாகச் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

என் லைனில் நாற்பது பெண்கள். அவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கித் தருவது என் வேலை என்று ஹெச்.ஆரில் ஃபார்ம் கட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முழுக்க இங்கிலீஷ். எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிகிறது, கலவை ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு நான் எதைப் படித்துக் காட்டுவது?

கம்பெனிக்கு ஏன் திடீரென்று இந்த அக்கறை என்றால், போன ஐப்பசி மழையில் எங்கள் பிரிவே படுத்துவிட்டது. லேடீஸ் வேனில் மழைச்சாரல் அடிக்கிறது என்று கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிடுவார்கள். உள்ளே ஒருத்தி இருமினால் ஆற்காடு வருவதற்குள் எல்லோருக்கும் பங்கு. ஸ்கைவிங் மிஷினில் இருக்கிற பெண்தான் முதலில் காய்ச்சலோடு வந்தாள். மாத்திரை அட்டையை துப்பட்டா முனையில் முடிந்து வைத்திருந்தாள். மதியம் சாப்பாட்டு மணிக்கு ஒன்று, டீ மணிக்கு ஒன்று. கண் ரத்தமாகச் சிவந்து, தோல் ஓரத்தை சீவும்போது கை நடுங்கியதை நானே பார்த்தேன். வீட்டுக்குப் போ என்றால், "இன்னும் ஒரு வாரம் இழுத்துட்டா மாசம் முடிஞ்சிடும்க்கா, அட்டெண்டன்ஸ் போனஸை விடச் சொல்றீங்களா?" என்றாள். ஒரு நாள் வராவிட்டால் போனஸ் மொத்தமும் போய்விடும், அப்படித்தான் எங்கள் கணக்கு. அடுத்த வாரம் லைனில் கால்வாசி மிஷின் சும்மா நின்றது. சரக்கு கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போனது. மேலே இருப்பவர்களுக்கு அது இன்னும் ஆறவில்லை.

எனக்கு ஊசி மேல் விரோதம் இல்லை. அம்மாவுக்கு சுகரும் வீசிங்கும் உண்டு, வருஷா வருஷம் நானே கூட்டிப் போய்ப் போட்டுவிடுகிறேன். நான் கேட்பது, கம்பெனி கட்டாயப்படுத்தலாமா? பணம் பிடிக்கலாமா? நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனால் கையெழுத்து வாங்கியவள் நான்தானே?

காட்பாடி ஜங்ஷன்:

கையெழுத்து வாங்காதீர்கள் மேடம். ஊசி போட்டால்தான் ஃப்ளூவே வரும். எங்கள் மாமா போட்டுவிட்டு வந்து மூன்று நாள் படுத்தார். எல்லாம் மருந்து கம்பெனி வியாபாரம். சுக்கு, மிளகு, திப்பிலி போதும்.

நைட் டியூட்டி:

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் நான். காட்பாடி அண்ணா, நாம் இங்கே கையில் போடுகிற ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதிலிருந்து ஃப்ளூ வர வழியே இல்லை. கை வலிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் இருக்கும். எதிர்ப்புச் சக்தி வரவே இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேறு எங்கேயாவது தொற்றிக்கொண்டால் பழி ஊசி மேல் விழுந்துவிடுகிறது.

இன்னொன்று, மழைக்காலத்தில் வருகிற காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ இல்லை. டெங்கு, டைஃபாய்டு, அப்புறம் நம் வேலூர் பக்கத்தில் பூச்சிக்கடியால் வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தாராளமாக உண்டு. வயல்வேலை செய்கிற பெண்கள் காய்ச்சலென்று வந்தால் அக்குள், இடுப்பு, மார்புக்கு அடியில் எல்லாம் விலக்கிப் பார்ப்போம். பீடியால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தால் அது பூச்சி கடித்த இடம். அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரைதான், ஃப்ளூ ஊசியால் ஒரு பயனும் இல்லை. அதனால் "ஊசி போட்டுமா காய்ச்சல்?" என்று உங்கள் ஹெச்.ஆர். நாளைக்குக் கேட்காமல் இருக்க வேண்டும்.

பலன் எவ்வளவு என்றால், ஊசியும் அந்த வருஷத்து வைரஸும் நன்றாகப் பொருந்தினால் டாக்டரிடம் போகிற அளவுக்கான ஃப்ளூ 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். பொருந்தாத வருஷத்தில் அதைவிடக் குறைவு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி எந்த வகைகளைச் சேர்ப்பது என்று சொல்கிறது. வருஷா வருஷம் புதிதாகப் போட வேண்டியிருப்பது அதனால்தான். நம் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிட்டால் நல்லது.

ஆஸ்பத்திரிக்காரர்களைக் கட்டாயப்படுத்தினால் நான் ஒத்துக்கொள்வேன். கீமோ எடுக்கிறவர், டயாலிசிஸ் நோயாளி, பிறந்த குழந்தை என்று எங்கள் கைபடுகிறவர்கள் எல்லாம் தாங்க முடியாதவர்கள். நமக்குக் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவர்களுக்கு ஒட்டிவிட முடியும். 2021 இரண்டாம் அலையின்போது வேலூர் சி.எம்.சி. தன் ஊழியர்கள் 10,600 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தது. இரண்டு டோஸ் போட்டவர்களில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது 77 சதவீதம் குறைவு. அது கொரோனா ஊசி, ஃப்ளூ ஊசிக்கு அவ்வளவு பலம் சொல்ல முடியாது. ஷூ கம்பெனிக்கும் இதே நியாயம் பொருந்துமா என்றால், எனக்கு அரை மனதுதான்.

பேரணாம்பட்டு பாய்:

நான் சின்ன அளவில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். முதலாளி பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்மா. சரக்கு தாமதமானால் பையர் விமானத்தில் அனுப்பு என்பார், அந்தச் செலவு நம் தலையில். ஒரு ஆர்டரின் லாபம் மொத்தமும் அதில் கரைந்துவிடும்.

ஆனால் பாதிப் பணம் பிடிக்கிறோம் என்பது கேவலம். வெளியே தனியார் கிளினிக்கில் இந்த ஊசி ஆயிரத்துக்கு மேல் ஆகிறது, மொத்தமாகப் பேசினால் குறைத்துத்தான் தருவார்கள். நான் முழுப் பணமும் கொடுத்து, கிளினிக்கிலிருந்து ஆளை வரவழைத்தேன். கட்டாயம் என்று சொல்லவில்லை. முதல் நாள் யாரும் வரவில்லை. ஃபோல்டிங் செய்கிற வயதான அம்மா ஒருவர் போட்டுக்கொண்டு, அடுத்த நாளும் கம்மென்று வேலைக்கு வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள்.

காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு லீவு கொடு என்று சொல்லப் போகிறீர்கள், தெரியும். கொடுக்கலாம். ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, திருத்தணி என்று கிளம்புகிற வாரத்தில் என் யூனிட்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதற்கும் ஒரு ஊசி இருந்தால் சொல்லுங்கள்.

சங்கத்துப் பெரியவர்:

பாய், ரம்ஜானுக்கு முந்தின நாள் வருகிற காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் தொழிலில் சங்க வேலை பார்த்தே முடி நரைத்தவன் நான், இரண்டுக்கும் சாட்சி.

திமிரித் தங்கச்சிக்கு வருகிறேன். கட்டாயம் பற்றி உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ஆம் தேதி ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, ஜேக்கப் புலியேல் வழக்கில். யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது, உடம்பின் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடக்கம் என்றது. ஆனால் பொது நலனுக்காக அளவோடு சில கட்டுப்பாடுகள் வைக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஊசி போடாதவர்களுக்கு அப்போது இருந்த தடைகளை, தொற்று குறைவாக இருக்கிறவரை விலக்கிக்கொள்ளச் சொன்னது. தனியார் நிறுவனங்களையும் சேர்த்தே சொன்னது. அது கொரோனா பற்றிய வழக்கு, உங்கள் நோட்டீசுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கொரோனாவுக்கே அப்படிச் சொன்ன கோர்ட், வருஷா வருஷம் வருகிற ஃப்ளூவுக்காக கேட்டை மூடுவதை எப்படிப் பார்க்கும் என்று ஹெச்.ஆரைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் பிடிப்பது வேறு கதை. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1936-லிருந்தே சட்டத்தில் பட்டியல் உண்டு. இஷ்டத்துக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ள முடியாது. உங்கள் கையில் இருக்கிற இங்கிலீஷ் ஃபார்மில் ஊசிக்கான சம்மதத்தோடு பிடித்தத்துக்கான சம்மதமும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். எனக்கு அதில்தான் சந்தேகம்.

ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பெரிய விஷயம் அந்த மாத்திரை அட்டைதான். காய்ச்சலோடு வருகிறவளுக்குப் போனஸ், வீட்டில் படுத்தவளுக்கு வெட்டு என்று கம்பெனியே விதி வைத்திருக்கிறது. ஃப்ளூ வந்தவர் ஐந்தாறு நாள் வரை மற்றவர்களுக்குப் பரப்பலாம். தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில் சிக் லீவ் என்று தனியாக ஒன்று கிடையாது, 20 நாள் வேலைக்கு 1 நாள் என்கிற சம்பள லீவுதான். ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு, சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. நாலு நாள் ஃப்ளூவில் முதல் இரண்டு நாள் போனால் மிச்சம் என்ன? மிச்சமுள்ள இரண்டு நாளுக்கும் டிஸ்பென்சரியில் போய் உட்கார்ந்து சர்டிபிகேட் வாங்க வேண்டும். அதற்கு மாத்திரையை முழுங்கிவிட்டு வேனில் ஏறுவதே மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அமெரிக்காவில் சியாட்டிலில் வர்ஜீனியா மேசன் என்றொரு ஆஸ்பத்திரி. ஊழியர்கள் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி கட்டாயம் என்று முதலில் கொண்டுவந்தது அவர்கள்தான், 2005 வாக்கில். நர்ஸ்கள் சங்கம் சண்டைக்குப் போனது. ஊசி கெட்டது என்பது அவர்கள் வாதம் இல்லை. எங்களோடு பேசாமல் புது நிபந்தனை வைக்க முடியாது என்றார்கள். அதில் ஜெயித்தும் காட்டினார்கள். போடாத நர்ஸ்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். அப்படியும் அந்த ஆஸ்பத்திரியில் 97 சதவீதத்துக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆகப் பேசினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நீங்கள் தனியாகப் போகாதீர்கள், மற்ற லைன் சூப்பர்வைசர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

திமிரிக்காரி:

பெரியவர் சொன்னது சரிதான். ஃபார்மில் நாலாவது பாராவில் பிடித்தம் பற்றி எழுதியிருக்கிறது. காலேஜில் படிக்கிற என் தம்பி மகனை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னதில் தெரிந்தது.

கட்டிங், லாஸ்டிங் சூப்பர்வைசர்களையும் கூட்டிக்கொண்டு ஹெச்.ஆர். ரூமுக்குப் போனோம். கையெழுத்தில்லாத ஃபார்ம் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, தமிழில் அடித்துத் தாருங்கள், முழுப் பணமும் நீங்களே கட்டுங்கள் என்றோம். அதற்கு உடனே சரி என்றுவிட்டார், முன்பே அந்த எண்ணத்தில்தான் இருந்தாரோ என்னவோ. கேட்டில் நிறுத்துவதும் இல்லையாம். போடாதவர்கள் மழைக்காலம் முடிகிறவரை மாஸ்க் போட வேண்டும். எங்கள் ஹாலில் பேஸ்டிங் பசை வாடையோடு எட்டு மணி நேரம் மாஸ்க் என்பது சும்மா விஷயம் இல்லை, ஆனாலும் வேலை போகாது.

போனஸ் பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. டாக்டர் சீட்டோடு மூன்று நாள் வரை காய்ச்சலுக்கு லீவு எடுத்தால் போனஸை வெட்டாதீர்கள் என்று கேட்டோம். ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் கம்பெனியில் அப்படிச் சொன்னால் கிணற்றில் போட்ட கல் என்று அர்த்தம். அதனால் சம்மதப் பட்டியலை நானும் இன்னும் கொடுக்கவில்லை. அவர் கேட்கும்போது, ஹெட் ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டதா சார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

லைனில் முக்கால்வாசிப் பேர் போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். ஸ்கைவிங் பெண்தான் முதல் ஆள். நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பம், இன்னொருத்திக்கு முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். இவர்கள் போடலாமா?

நைட் டியூட்டி:

கர்ப்பிணிக்கு எந்த மாதத்திலும் போடலாம், உண்மையில் அவள்தான் முதலில் போட வேண்டும். பிறக்கிற குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது, தாயிடமிருந்து போகிற பாதுகாப்புதான். ஆனாலும் அவளைப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் போடலாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். ஊசி போடுகிறவரிடம் முன்பே சொல்லிவிட்டு, போட்ட பிறகு 15 நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு ஃப்ளூ ஊசி போட்டே மூச்சுத்திணறல் மாதிரி பெரிதாக ஏதாவது வந்தவர்கள் போடக் கூடாது. அன்றைக்கு நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடலாம். தமிழில் அடிக்கிற ஃபார்மில் இதையெல்லாம் கேட்கிற மாதிரி இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரி ஃபார்ம் என்றால் கட்டாயம் இருக்கும். ஊசி கொண்டுவருகிறவர்கள் ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறார்களா என்றும் பாருங்கள்.