தீபாவளிக்கு முன் புது அடுப்பு: கண்ணாடியா, ஸ்டீலா?

கேள்வி (கும்பகோணம்):
மூன்று பர்னர் கேஸ் அடுப்பு வாங்கணும். முறுக்கு, அதிரசம் எல்லாம் பெரிய இருப்புச்சட்டியில்தான். கண்ணாடி தாங்குமா? பின்னால் குழாய் கேஸ் வந்தால் இதே அடுப்பு ஆகுமா?

பதில் (மன்னார்குடி):
பலகாரத்துக்கு ஸ்டீல்தான் சரிங்க. அகலமான சட்டியை ரொம்ப நேரம் அடுப்பிலேயே வைத்திருந்தால் சூடு கீழே திரும்பிக் கண்ணாடியில் இறங்கும். அந்தச் சூட்டில் தண்ணீர் சிந்தினால் வெடித்துவிடலாம். முக்கியமா, உங்கள் சட்டியையே கடைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்க. நெருக்கமான மூன்று பர்னரில் சட்டி நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பர்னர் சும்மா கிடக்கும். இடைவெளி தாராளமான இரண்டு பர்னரே மேல். பித்தளை பர்னர், கேஸ் அடுப்புக்கான தர எண் ஐஎஸ் 4246-ஓடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும்.

பதில் (நாகப்பட்டினம்):
கடலோர வீடு என்றால் ஸ்டீலில் காந்தம் வைத்துப் பாருங்க. கெட்டியா ஒட்டினால் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் துருவேறும் ரகம். குழாய் கேஸ் அழுத்தம் குறைவு, அதனால் ஜெட், அதாவது பர்னருக்குக் கேஸ் விடும் சின்ன முனை, அதன் துளை பெரிதாக வேணும். ஜெட்டை மாற்றாமல் இணைத்தால் தீ சிறுத்து, எண்ணெய் காயவே காயாது. ஊசியால் குத்திப் பெரிதாக்காதீங்க. ஜெட் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்க.

பதில் (திருவாரூர்):
டியூபையும் பாருங்க அக்கா. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு 5 வருடம்தான். அச்சிட்ட தேதியைப் பார்த்து மாற்றுங்க. மாட்டியதும் இரண்டு முனையிலும் சோப்பு நுரை தடவுங்க, குமிழி வந்தால் கசிவு. சிலிண்டர் அடுப்பைவிடத் தாழ்வாக, நிமிர்ந்தே நிற்கணும். தீ மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை: பர்னர் குழலில் பூச்சிக்கூடோ அடைப்போ இருக்கும்.